கூலி உழைப்புக்கா, பலனுக்கா?

மோட்டார் வண்டியின் எண்ணெய் ஒழுகலைப்பற்றி எழுதப் புகுந்தால், "இவருக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று நம் வணிக அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். மூன்று மாத காலம் என் கடைவாசலில் எண்ணெய் சொட்டிய வண்டி, முப்பது வருஷ ஜவுளி வியாபாரத்தில் நான் தீர்த்துவிட்டதாக எண்ணியிருந்த ஒரு கேள்வியை மறுபடியும் கிளப்பிவிட்டது. வேலை செய்தவருக்கு நாம் கொடுப்பது உழைப்புக்கான கூலியா, பலனுக்கான விலையா என்பதே அக்கேள்வி.

வண்டி பழையது; டர்போ பொருத்தியது. பினாங்கிலிருந்து தைப்பிங், ஈப்போ என்று துணி மாதிரிகளுடன் ஓடுவதற்கு அதைத்தான் நம்பியிருக்கிறேன். ஒருநாள் காலையில் தரையில் காசளவு எண்ணெய், மறுவாரம் தட்டளவு. வழக்கமாகப் போகும் பட்டறைக்குச் சென்றேன். "வால்வு மூடி கேஸ்கெட் போயிருச்சு, பாய்" என்றார் பட்டறைத் தம்பி. மாற்றினார், 280 வெள்ளி கொடுத்தேன். கழற்றிய கேஸ்கெட்டையும் காட்டினார். அது உண்மையிலேயே காய்ந்து வெடித்துத்தான் இருந்தது. பத்தே நாளில் மறுபடியும் சொட்டு. இம்முறை டர்போவிலிருந்து எண்ணெய் இறங்கும் குழாயின் சீல் என்றார், 420 வெள்ளி. மூன்று வாரம் சென்றது. வேறோர் இடத்தில் கசிவு. பின்னால் நீலப் புகை வேறு!

டர்போவின் உள்விவகாரம் சிறிது தெரியாமல் இதில் நியாயம் பேச முடியாது. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது; அமெரிக்காவில் 1962-ல்தான் விற்பனைக் கார்களில் வந்தது. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரம் சுழன்று, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடிய அதன் தண்டு, எண்ணெய்ப் படலத்தின்மீதுதான் மிதக்கிறது. அந்த எண்ணெய் மெல்லிய குழாயில் அழுத்தத்தோடு வருகிறது. திரும்பும்போதோ, அகன்ற குழாய் வழியே தன் கனத்தால் தானே கீழ்த்தொட்டிக்கு இறங்குகிறது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இஞ்சினின் அடிவயிற்றில் சேரும் ஆவி வெளியேற, எண்ணெயைப் பிரிக்கும் ஒரு டப்பாவும் மூச்சுக் குழாயும் உண்டு. கசடு சேர்ந்து அவை அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம், எந்தச் சீல் நலிந்திருக்கிறதோ அதன் வழியே எண்ணெயைப் பிதுக்கும். அதைப் புதிதாக்கினால் அடுத்த நலிந்த இடத்தைத் தேடும். டர்போவின் எண்ணெயும் இறங்க வழியின்றித் தேங்கிப் புகையோடு எரியும். என் வண்டிக்கு நேர்ந்தது இதுவே.

மூன்றாம் முறை தம்பி கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு, வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டினார். உள்நோக்கிச் சற்றே இழுபட வேண்டிய கையுறை, ஐந்து விரலையும் விரித்து எழுந்து நின்றது! எண்ணெயில் சாயம் கலந்து ஊதா விளக்கடியில் தேடும் முறையும் உண்டாம். ஆனால், சாயம் ஒழுகும் இடத்தைத்தான் காட்டும். ஒழுகும் காரணத்தைக் காட்டாது.

பக்கத்துக் கடை நண்பருக்கு ஒரே கோபம். "முதலில் வாங்கிய 700 வெள்ளியையும் திருப்பிக் கேளும். சாயம் போன புடவையை நீர் திரும்ப எடுத்துக்கொள்வதில்லையா?" என்றார். எடுத்துக்கொள்கிறேன்தான். ஆயினும், நான் விற்பது சரக்கு. தம்பி விற்றது தன் கையும் கண்ணும். நோய் தீராவிட்டாலும் வைத்தியருக்குப் பணம் கொடுத்துத்தானே வருகிறோம்? முதல் கேஸ்கெட் கெட்டிருந்தது மெய்; அந்தக் கூலியில் எனக்கு வழக்கில்லை. இரண்டாவதில்தான் சிக்கல். அடைத்த பத்தாம் நாளே வேறிடத்தில் பிதுங்குவானேன் என்று கைதேர்ந்தவர் ஒரு கணம் நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது அவர் பிழை என்று நண்பரிடம் சொல்லவும் செய்தேன்.

சொன்ன பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்து உறுத்தியது. அந்த இரண்டாம் தடவை தம்பி, "ஒரு நாள் விட்டுட்டுப் போறீங்களா, பாய்?" என்று கேட்டிருந்தார். "வெள்ளிக்கிழமை ஈப்போ போகணும் தம்பி. சொட்டுறதை மட்டும் நிறுத்திக் குடுங்க" என்றவன் நானே. காரணத்தைக் காணும் கண்ணுக்கு நான் விலை பேசவில்லை. சொட்டை நிறுத்தும் கைக்குத்தான் பேசினேன். அதைவிட மோசம், எண்ணெய் கருகும் வாடை வந்தபோது கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டியது. பழுக்கக் காயும் டர்போவின்மீது எண்ணெய் சிந்தினால் தீப்பிடிக்கவும் கூடும். பக்கத்தில் கடைப்பையன் உட்கார்ந்திருந்தான். அவன் பிறர் வீட்டுப் பிள்ளை அல்லவா?

டப்பாவும் குழாய்களும் மாற்றி முடிந்ததும், சாமான் விலையை மட்டும் எழுதிச் சீட்டை நீட்டினார். கூலிக் கட்டம் காலி. ஒரு நாள் கூலியை எடுத்து வைத்தேன்; தள்ளினார். இரண்டாம் தடவை நடந்ததை நானே எடுத்துச் சொல்லி, "இதில் பாதி நஷ்டம் என்னுடையது, தம்பி" என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டுப் பாதியை எடுத்துக்கொண்டார்.

வண்டி இப்போது சொட்டுவதில்லை. பக்கத்துக் கடை நண்பர் மட்டும் இன்னும் ஒப்பவில்லை. அந்தப் பாதியும் தண்டம் என்கிறார்.