ஐதிகமும் அநுபவமும்

உயிர் பொருள்களை அறிதற்குக் கருவியாவன அளவைகள் என்பதும், அவை இத்துணைய என்பதிற் சமயவாதிகள் தம்முள் மாறுபடுவர் என்பதும் சித்தாந்த நூல் பயின்றார் அறிவர். வியாசர் 10 என்றும், கிருதகோடி 8 என்றும், சைமினி 6 என்றும் கொண்டமை மணிமேகலையுட் சமயக்கணக்கர்தந்திறங் கேட்ட காதையிற் பேசப்படுகின்றது. அருணந்திசிவாசாரியர் சிவஞானசித்தியாரின் தொடக்கத்திலேயே அளவையிலக்கணத்தை எடுத்துக்கொண்டு, பிறர் கூறும் பத்தினையும் பெயர் சுட்டி, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என முடித்தருளினார். அப்பத்தனுள் ஐதிகம் என்பது ஒன்று. பாடஞ் சொல்லுவோர் அதனைக் கால்நாழிகையிற் கடந்து செல்லுதலே வழக்கம். யானும் நாற்பதாண்டு அங்ஙனமே கடந்து சென்றேன். 2018-ஆம் ஆண்டு மே மாதத்து நிகழ்ச்சிகளே என்னை அவ்வொரு சொல்லிடத்து நிறுத்தின.

ஐதிகமாவது, முதற்கண் உரைத்தார் இன்னார் என்று அறியப்படாது, ஒருவர்வாய் ஒருவர் கேட்டு வழிவழியாக வரும் உரை. இம்மரத்திற் பேய் உண்டு என உலகத்தார் கூறுவதைத் தெளிந்து கோடல் இதற்குக் காட்டப்படும் உதாரணம். அப்பேயைக் கண்டவர் யார் என வினவின், ஒவ்வொருவரும் மற்றொருவரைச் சுட்டுவர், சுட்டப்பட்டவர் இறந்துபோயிருப்பர். வடமொழியில் 'இதிஹ' என்னும் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது; 'இவ்வாறாம்' என்பது அதன் கருத்து. நம் மொழியில் இதனை உணர்த்த 'ஆம்' என்னும் ஈறு ஒன்றே அமையும். 'வந்தான்' என்பவன் கண்டவன். 'வந்தானாம்' என்பவன் கேட்டவன். இத்துணை நுண்ணிய வேறுபாட்டை ஓரசையில் அடக்கிவைத்த முன்னோர், அளவை நூலின் ஒரு பகுதியையே நாடோறும் பேசும் பேச்சில் வைத்துப் போயினர் எனலாம். ஆயின், கதை கைமாறுந்தோறும் முதலில் உதிர்வது அவ்வசையே.

மேற்குறித்த ஆண்டில், வடநாட்டினின்றும் பிள்ளை பிடிப்போர் கூட்டங்கூட்டமாக வந்துளர் என்னும் செய்தி, கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியாகப் பரவிற்று. சென்னையினின்றும் தம் குலதெய்வக் கோயிலை நாடிப் புறப்பட்ட ஒரு குடும்பத்தார், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினர்; அங்கு நின்ற சிறார்க்கு இனிப்புக் கொடுத்தனர். அவர் செய்தது அவ்வளவே. ஊரார் திரண்டு அடித்தனர். 65 வயது மூதாட்டியார் ஒருவர் உயிர் துறந்தார். உடன் சென்றோர் படுகாயமுற்றனர். அதே மாதத்திற் பழவேற்காட்டிலும் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். சூலை 1-ஆம் நாள் மகாராட்டிரத்துத் தூலே மாவட்டத்தில் இரயின்பாடா என்னும் சிற்றூரில், பிச்சை ஏற்றுத் திரியும் நாதபந்த மரபினர் ஐவர் அவ்வாறே மாண்டனர். பிச்சாடனத் திருக்கோலத்தை விழாவில் எழுந்தருளுவித்துக் கண்ணீர் மல்க நிற்கும் நாம், இக்கடைச் செய்தியைக் கேட்டுச் சிறிது பொழுது வாளா இருத்தல் தகும்.

அந்நாளில் நாடெங்கும் பலர் கண்டு நடுங்கிய ஒரு படத்தில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவிலுள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவர். அது பாகிஸ்தானத்துக் கராச்சியில், பெற்றோர் விழிப்போடிருத்தல் வேண்டும் என்பதற்காக நடிப்பித்து எடுத்த எச்சரிக்கைப் படம். தூக்கியவரே குழந்தையைத் திரும்பக் கொணர்ந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் இறுதிப்பகுதி அப்படத்தில் உண்டு. அதனை யாரோ அறுத்து நீக்கிவிட்டனர்.

இனி, யான் செய்த பிழையை எழுதுதல் முறை. திட்டக்குடியில் எம் இல்லத் திண்ணையில் ஒரு மாலைப்பொழுதில் இருந்துகொண்டு, பேரன் கைப்பேசியில் வந்த அச்செய்தியை அயலகத்துப் பெண்டிர்க்கு உரக்கப் படித்துக் காட்டினேன். படித்ததோடு நில்லாது, 'பெண்ணாடத்திலும் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள்' என்று சேர்த்தேன். முதனாட் கடைவீதியில் யான் கேட்டது 'கொண்டுபோய்விட்டார்களாம்' என்பதே. இலக்கணங் கற்பித்து வயிறு வளர்த்தவன் வாயில் அவ்வீறு விழவில்லை. பின்னர் வினவியபோது, பெண்ணாடத்தில் அங்ஙனம் ஒன்றும் நிகழவில்லை எனத் தெரிந்தது. மெய்கண்டதேவர் திருவவதாரஞ் செய்த தலத்தின் பெயரை ஒரு பொய்க்குத் துணையாக்கியவன் யான்.

மூன்றாம் நாள் முற்பகலில், காவி உடுத்த முதியவர் ஒருவர் கோலூன்றி எம் தெருவில் வந்தார். தமிழ் அவர்க்கு இரண்டொரு சொல்லே வரும். இளைஞர் ஏழெண்மர் சூழ்ந்துகொண்டனர். ஒருவன் அவர் பையைப் பறித்து உதறினான். திருநீற்றுச் சம்புடமும், ஒரு வேட்டியும், சில கற்கண்டுக் கட்டிகளும் வீழ்ந்தன. கற்கண்டைக் கண்டதும் கூச்சல் மிக்கது. யான் திண்ணையினின்றும் எழுந்தேன், ஆயின் இறங்கவில்லை. இறங்காமைக்கு யான் அன்று எனக்குட் சொல்லிக்கொண்ட காரணம், 'ஒருகால் உண்மையாயின்?' என்பது. அப்பொழுது கோயில்வாயிலிற் பூ விற்கும் அம்மையார் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே புகுந்து, "இவர் நம்ம சாமியார், கார்த்திகைதோறும் வருவார், இந்த வருஷம் முன்னாலே வந்துவிட்டார். எட்டு வருஷமாக நான் சோறு போடுகிறேன்; என் பேத்தி இவர் மடியில் உட்கார்ந்து கற்கண்டு தின்பாள்; போங்களடா" என்றார். கூட்டம் கலைந்தது. அவர் அளவை நூல் கற்றவர் அல்லர்.

இவ்விடத்து ஆராயத்தக்கன சில உள. அவ்விளைஞர் முற்றும் ஆராயாது கை ஓங்கினர் என்பது பொருந்தாது. அவர் ஓர் ஏதுவைக் கண்டே துணிந்தனர். பிள்ளை பிடிப்போர் இனிப்புக் காட்டுவர். இவர் பையில் இனிப்பு உளது. ஆகலின் இவர் பிள்ளை பிடிப்பவர் என்பது அவர் கருதல். இனிப்பு, பாட்டன்மாரிடத்தும் திருவிழாவிற்குச் செல்வாரிடத்தும் உளதாகலின் இஃது அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலி. பாண்டியன் நெடுஞ்செழியனும் பொற்கொல்லன் உரையை வறிதே கொண்டானல்லன். சிலம்பு அவன் கையிலிருப்பின் என்று ஓர் அடையாளம் வைத்தே ஆணையிட்டான். சிலம்பு இருந்தது. யாருடைய சிலம்பு என்பதே வினவப்படாது ஒழிந்தது. கதை ஒன்று நெஞ்சிற் குடிபுகுந்தபின், காண்பனவெல்லாம் அதற்குச் சான்றாக வந்து நிற்கும். நூல்கள் ஐயக்காட்சிக்குக் 'குற்றியோ மகனோ' என்பதனை உதாரணமாக்கும். மாலையிருளில் நிற்பதைக் கண்டு ஐயுற்றவன் அருகிற் சென்று நோக்குவன், அவனுக்குக் கேடில்லை. ஆலமரத்துப் பேய்க்கதை கேட்டவனோ ஐயத்தில் தங்காது நேரே திரிபுக்குச் சென்றுவிடுவன்.

அன்றியும், அச்சம் பொய்யன்று. சித்தியார் வகுத்த காட்சி நான்கனுள், இன்பதுன்பங்களை உயிர் தன் அறிவில் அநுபவித்தறிதல் தன்வேதனைக் காட்சி. அயலகத்துத் தாய்மார் அன்றிரவு உற்ற நடுக்கம் அவ்வாறு மெய்யே உற்றதாம். அதனை இல்லையென்பார் அவரை அறியாதார். பிழை அதன்பின் நிகழ்வது. அச்சம் காட்சியால் அறியப்பட்டது. அச்சத்திற்கு ஏதுவாய பொருளோ உரையளவில் வந்தது. முன்னதன் உறுதியைப் பின்னதற்கு ஏற்றி, 'என் நெஞ்சு இவ்வாறு துடிப்பதால் அது மெய்யாகவே இருத்தல் வேண்டும்' எனத் துணிகின்றோம். இரண்டு அளவைகளின் பயன் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றது.

இனி, கதையாற் பெறும் அறிவிற்கும் அன்றாட அநுபவத்தாற் பெறும் அறிவிற்கும் உள்ள பெருவேற்றுமை யாது? யான் கண்டது இது. அபாவம் என ஓர் அளவை சொல்லப்படுகின்றதன்றோ? இன்மையை அறிதல் அது. எம் தெருவிற் பள்ளிவிட்டு நேரங்கழித்து வந்த பிள்ளைகளை எண்ணின் ஆயிரமிருக்கும். ஒருவன் வெள்ளாற்று மணலில் விளையாடினான். ஒருத்தி தாய்மாமன் வீட்டில் உறங்கினாள். ஒருவன் வெலிங்டன் ஏரிக்கு மீன் பார்க்கப் போனான். எல்லாரும் வந்து சேர்ந்தனர். இதனை ஒருவரும் மற்றொருவர்க்குச் சொல்லவில்லை. சொல்லுதற்கு என்ன இருக்கின்றது? நிகழாதது கதையாவதில்லை. ஆகலின், கதைகளை மாத்திரம் கேட்டு உலகத்தை அறிய முற்படுவான், உலகின் பெரும்பகுதியாகிய 'ஒன்றும் நிகழாமை' என்பதனை அறியவே மாட்டான். கதைக்குத் தொடக்கமும் முடிவும் கொடியவன் ஒருவனும் உண்டு. நாட்கள் அவ்வாறு வருவனவல்ல. பாதியிலே தொடங்கிப் பாதியிலே நின்றுபோவன. பூ விற்கும் அம்மையார் கையில் இருந்ததும் அவ்வின்மையறிவே. எட்டாண்டு ஒரு மனிதர் வந்தார், உண்டார், போனார், தீங்கொன்றும் நிகழவில்லை. சொல்லச் சுவையற்ற அச்செய்தி ஓருயிரைக் காத்தது.

அற்றேல், நாம் போற்றும் புராணங்களும் கேள்வியால் வந்தனவே. ஐதிகத்தை இங்ஙனம் இகழின், கொம்பிலிருந்து அடிமரத்தை வெட்டுவான்போல் ஆகாதோ எனின், இத்தடை வலிதே. இதனை எளிதாக எண்ணித் தள்ளுதல் கூடாது. ஐதிகம் இகழப்பட்டதன்று, உரையளவையுள் அடக்கப்பட்டது என்பதனை முதற்கண் நோக்குக. உரைக்கு இலக்கணம், உரைத்தோன் குற்றமற்று உள்ளவாறறிந்தோனாதல். அடக்கப்பட்டதன் கருத்து, உரைத்தோன் யாவன் எனத் தெரிந்து அவன் நம்பத்தக்கவனாயின் அது பிரமாணமாம், தெரியாதாயின் பிரமாணமாகாது என்பதே. சேக்கிழார் பெருமான் தமக்கு முதலாகச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையையும், வழியாக நம்பியாண்டார்நம்பி திருவந்தாதியையும் கொண்டார். சொன்னவர் பெயர் மறைக்கப்படவில்லை.

அதனினும் வியப்பு, அப்புராணத்துள்ளேயே இவ்வாராய்ச்சி நிகழ்தல். புத்தூர் மணப்பந்தரில் வந்த முதிய வேதியர், இவன் எனக்கு அடிமை என்றார். திருவெண்ணெய்நல்லூரவையத்தார் அவர் முதுமையையும் தோற்றப் பொலிவையும் கண்டு நம்பினாரல்லர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்று காட்டுக என்றனர். கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை வந்தது. அதனையும் அப்படியே ஏற்காது, நம்பியாரூரர் பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பினின்றும் வருவித்து ஒப்புநோக்கினர். வந்தவர் இறைவனே. இறைவனுரையாயினும் அவன் தன்னை மறைத்து வந்தவிடத்துச் சான்று கேட்டல் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. அவனும் அதற்கு உடன்பட்டு ஓலையோடு வந்தான். மெய்கண்டதேவர் எழுந்தருளியிருந்து சிவஞானபோதம் அருளிய ஊரும் அவ்வெண்ணெய்நல்லூரே என்பதை நினைக்குந்தோறும் எனக்கு உவகை உண்டாம்.

ஆயினும் நம்மவரும் இதில் வழுவாதிருந்தாரல்லர். ஆதனூர்த் திருநாளைப்போவார் சரிதத்தில், அவரை வருத்தும் கொடிய வேதிய ஆண்டை ஒருவர் சேக்கிழார் வாக்கில் இல்லை. அவர் 19-ஆம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் இசையாதிருந்தமைக்கு இம்மாறுபாடும் ஒரு காரணம். கீர்த்தனை இனியது, அதன்பாற் குறையில்லை. ஆனால், இன்று சிதம்பரத்தில் நின்று பத்துப்பேரை வினவின், ஒன்பதின்மர் அவ்வாண்டையின் கதையையே பெரியபுராணம் என்பர். புனைந்தவர் பெயர் ஏட்டில் இருக்கவே, 'ஆம்' உதிர்ந்துபோயிற்று.

2018-ஆம் ஆண்டு சூலையில், ஒருவர் தாமே எழுதாது பிறரிடமிருந்து வந்ததை அனுப்புஞ் செய்தியின்மேல், இது கைமாறி வந்தது எனக் குறியிடும் ஏற்பாட்டை வாட்ஸ்அப் நிறுவனத்தார் செய்தனர். இந்நாட்டில் ஒருமுறையில் ஐவர்க்குமேல் அவ்வாறு அனுப்பவியலாதபடி வரம்பும் வகுத்தனர். உதிர்ந்த ஈற்றை இயந்திரங்கொண்டு மீட்டும் ஒட்டும் முயற்சி என இதனைக் கூறலாம். திண்ணையிலிருந்து உரக்கப் படிப்பார்க்கு அக்குறி செல்லாது.

அம்முதியவரிடம் யான் அன்றே சென்று மன்னிப்பு வேண்டியிருத்தல் வேண்டும். பைப்பொருள்களை எடுத்துக் கொடுத்தேன்; வேறொன்றும் கூற நா எழவில்லை. அடுத்த கார்த்திகையில் அவர் வரவில்லை. காசிக்குப் போய்விட்டாராம் என்றார் ஒருவர். விருத்தாசலத்தில் இறந்துவிட்டாராம் என்றார் மற்றொருவர். பூ விற்கும் அம்மையாரை வினவினேன். தீபத்தன்று இரவு வரை ஒருவர்க்கான சோற்றை எடுத்து வைத்திருந்ததாகவும், பின்னர் அதனை வேறொருவர்க்கு இட்டதாகவும் கூறினார். அவர் எங்குப் போயினார் என்றதற்கு, "தெரியவில்லை ஐயா, வரவில்லை" என்றார்.