தவக்குலும் தாழ்ப்பாளும்

வீட்டுச் சாமான்களுக்கு முதன்முறையாகக் காப்பீடு எடுக்க எண்ணும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் முன்னால் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன. நன்மையும் தீமையும் இறைவனின் நாட்டப்படியே வருகின்றன என்று ஏற்றுக்கொண்ட ஒருவர் நாளை நேரக்கூடிய இழப்புக்கு இன்றே பணம் கட்டி வைப்பது அந்நம்பிக்கையில் ஏற்பட்ட விரிசலா என்பது முதலாவது. அந்த ஏற்பாடு காப்பீடு என்னும் ஒப்பந்தத்தின் வடிவில் அமையும்போது அவ்வொப்பந்தம் ஷரீஅத்துக்கு, அதாவது இஸ்லாமியச் சட்டநெறிக்கு, உட்பட்டதுதானா என்பது இரண்டாவது. ஊர்ப் பேச்சில் முதற்கேள்வியே பெரிதாக அடிபடுகிறது என்றாலும், உலமாக்கள் எனப்படும் மார்க்க அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டு வந்திருப்பது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றித்தான்.

முதற்கேள்விக்கு விடை காண்பதில் அதிகச் சிரமமில்லை. இறைவனிடம் காரியத்தை ஒப்படைத்து அவனையே சார்ந்திருக்கும் மனநிலைக்குத் தவக்குல் என்று பெயர். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு நம்பிக்கை வைக்குமாறு நபிகள் நாயகம் அறிவுறுத்தியதாகத் திர்மிதியின் தொகுப்பில் ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி, உண்டு. இரவில் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதையோ, மழைக்காலத்துக்கு முன் மொட்டைமாடியின் வெடிப்பைப் பூசுவதையோ எந்த ஆலிமும், அதாவது மார்க்க அறிஞரும், இறைநம்பிக்கைக்கு எதிரானதாகக் கூறியதில்லை. ஆகவே முன்னெச்சரிக்கை என்ற அளவில் காப்பீட்டின் மீது குற்றமேதும் இல்லை. அது தாழ்ப்பாள் போன்ற ஒரு பொருளாக இல்லாமல், இன்னொருவருடன் செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கலாக இருப்பதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

அக்கொடுக்கல் வாங்கலின் மீது மூன்று குறைகள் சுமத்தப்படுகின்றன. விற்கப்படுவது எது, எவ்வளவு, கிடைக்குமா கிடைக்காதா என்பது தெளிவில்லாமல் ஒப்பந்தம் செய்வது கரர் எனப்படும். தவணை கட்டுபவருக்கு ஆண்டு முழுவதும் ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம், கட்டியதைப் போல நூறு மடங்கு கிடைக்கவும் செய்யலாம் என்பதால் இக்குறையே முதன்மையாகச் சொல்லப்படுகிறது. ஒருவரின் இலாபம் மற்றவரின் இழப்பாகவே அமையும் சூதுத்தன்மை மைசிர் எனப்படும். மூன்றாவது ரிபா, அதாவது வட்டி. காப்பீட்டு நிறுவனங்கள் திரட்டிய பணத்தைக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்வதால் இக்குறை எழுகிறது. இவற்றுள் சூது என்னும் குற்றச்சாட்டு வீட்டுச் சாமான் காப்பீட்டுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை என்றே சொல்ல வேண்டும். தமக்கு உரிமையோ பொறுப்போ இல்லாத பொருளை ஒருவர் காப்பீடு செய்ய முடியாது. இழப்புக்கு மேல் ஒரு ரூபாயும் இலாபமாகப் பெற முடியாது. சூதாடி, இல்லாத ஓர் ஆபத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். வீட்டுக்காரருக்கோ ஆபத்து ஏற்கெனவே வாசலில் இருக்கிறது.

இவ்விவாதத்தின் தொடக்கம் கடல் வாணிகத்தில் இருக்கிறது. டமாஸ்கஸ் நகரின் ஹனஃபி சட்ட அறிஞர் இப்னு ஆபிதீன் (1784–1836), ஐரோப்பியக் கப்பல்களில் சரக்கனுப்பும் வணிகர்கள் கப்பல் வாடகையோடு ஒரு தனித்தொகையையும் செலுத்தி, சரக்கு தீயிலோ கடலிலோ கொள்ளையரிடமோ பறிபோனால் ஈட்டுத்தொகை பெறும் வழக்கத்தை ஆராய்ந்து, தன்மேல் சட்டப்படி விழாத பொறுப்பை ஒருவர் விலைக்கு ஏற்பது செல்லாது என்பதால் முஸ்லிம் நாட்டில் அவ்வாறு ஒப்பந்தம் செய்து ஈடு பெறுவது கூடாது என்று முடிவு கூறினார். 1961இல் அதே டமாஸ்கஸில் கூடிய இஸ்லாமியச் சட்ட மாநாட்டில் சட்ட அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸர்கா இதற்கு நேர்மாறான வாதத்தை முன்வைத்தார். இரவுக் காவலாளிக்குக் கூலி கொடுப்பவர் திருடன் வராத இரவுகளுக்கும் சேர்த்தே கொடுக்கிறார். அவர் வாங்குவது நிம்மதி என்னும் பயனை. அது காவலாளியிடமிருந்து கிடைக்கலாமென்றால் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஏன் கிடைக்கக் கூடாது என்பது அவருடைய கேள்வி. எகிப்தின் சட்ட அறிஞர் முஹம்மது அபூ ஸஹ்ரா அதை ஏற்கவில்லை. காவலாளி உடலுழைப்பைத் தருகிறான், நிறுவனமோ வாக்குறுதியைத் தவிர வேறெதையும் தருவதில்லை என்பது எதிர்த்தரப்பு வாதத்தின் சாரம். இரு தரப்பையும் படிப்பவருக்கு அஸ்ஸர்காவின் வாதம் வீட்டுக்காரரின் அனுபவத்துக்கு நெருங்கியதாகவும், எதிர்த்தரப்பு வாதம் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கு நெருங்கியதாகவும் தோன்றக்கூடும்.

பெரும்பான்மை அறிஞர்கள் எதிர்த்தரப்பிலேயே நின்றனர். ஜித்தாவிலுள்ள பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் (சட்டவியல்) அகாதமி 1985இல் நிறைவேற்றிய தீர்மானம், நிலையான தவணையுடன் கூடிய வணிகக் காப்பீட்டில் ஒப்பந்தத்தையே கெடுக்கும் அளவுக்குக் கரர் இருப்பதாகக் கூறி அதை விலக்கியதோடு, கூட்டுறவு முறையிலான காப்பீட்டை அனுமதித்தது. அந்த மாற்றுவழியே தகாஃபுல். இதில் பங்கேற்போர் செலுத்தும் தொகை விலையாகக் கருதப்படாமல் தபர்ரு, அதாவது நன்கொடை, என்று கொள்ளப்பட்டுப் பொதுநிதியில் சேர்கிறது. நிதியை நடத்தும் நிறுவனம் உரிமையாளராக இல்லாமல் கூலி பெறும் முகவராக இருக்கிறது. ஆண்டிறுதியில் மிஞ்சுவது பங்கேற்போருக்கே உரியது. பற்றாக்குறை வந்தால் நிறுவனம் வட்டியில்லாக் கடன் தந்து ஈடுகட்டுகிறது. 1979இல் சூடானிலும், 1984ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தை அடுத்து மலேசியாவிலும் இது நடைமுறைக்கு வந்தது. 1999இல் தொடங்கிய அமானா தகாஃபுல் மூலம் இலங்கைத் தமிழ்பேசும் முஸ்லிம்களுக்கும் அறிமுகமானது. திரும்பக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு தரப்படுவது எப்படி நன்கொடையாகும் என்று கேட்பவர்கள் அறிஞர்களுக்குள்ளேயே உண்டு, அக்கேள்வி எளிதில் தள்ளிவிடக்கூடியதும் அன்று. தவணை கட்டும் நாளிலும் இழப்பீடு கோரும் நாளிலும் இரு முறைகளும் ஒன்றுபோலவே தோற்றமளிக்கின்றன. ஒன்றும் நேராத ஆண்டின் இறுதியில் மிச்சப்பணம் யாருடையது என்பதில்தான் அவை பிரிகின்றன. அமெரிக்காவின் பழைமை பேணும் ஆமிஷ் கிறித்தவர்கள் வணிகக் காப்பீட்டைத் தவிர்த்து, எரிந்த களஞ்சியத்தைச் சபையாரே கூடிக் கட்டித் தருவதன் பின்னாலும் ஏறக்குறைய இதே எண்ணம் இருக்கிறது: அண்டை வீட்டாரின் கடமை விலைச்சீட்டாக மாறிவிடக் கூடாது.

தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு இந்த மாற்றுவழி கையெட்டும் தூரத்தில் இல்லை. இந்தியாவில் தகாஃபுல் நிறுவனங்கள் இல்லாத நிலையில், ஊர்ப் பைத்துல்மால் எனப்படும் பொதுநிதி ஏழைக்கு உதவுமே தவிர, ஒரு நடுத்தரக் குடும்பத்தின் குளிர்சாதனப் பெட்டிக்கும் பீரோவுக்கும் ஈடு தராது. இங்குதான் தேவை என்னும் சட்டக் கருத்து வருகிறது: விலக்கப்பட்ட ஒன்று, வேறு வழியில்லாத நெருக்கடியில், அந்நெருக்கடியின் அளவுக்கு மட்டும் இசைவு பெறும். கலவரங்களில் முஸ்லிம்களின் உயிரும் உடைமையும் அழிவதைக் கருத்தில் கொண்டு, இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1990களின் தொடக்கத்தில் இந்த அடிப்படையிலேயே காப்பீட்டுக்கு இடமளித்தது.

கலவரச் சேதம் மட்டுமல்லாமல் தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றையும் ஏற்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொதுமாதிரிப் பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டடத்தைக் காப்பீடு செய்தால் அத்தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 இலட்சம் ரூபாய் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடுகிறது. வாடகைக்குக் குடியிருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பழைய பாலிசிகளில், 10 இலட்சம் பெறுமான சாமான்களை 5 இலட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு எந்த இழப்பிலும் பாதியே கிடைக்கும் என்ற விகிதாசார விதி, பெரும்பாலோர் அறியாமலேயே, உள்ளே ஒளிந்திருந்தது. இதில் அது நீக்கப்பட்டுள்ளது. கரர் பற்றிய விவாதத்தில் இதற்கு எடை உண்டு, ஏனெனில் கூடாது என்று சொல்லப்படும் தெளிவின்மையில் ஒரு பகுதி தலைவிதியால் அன்றிப் பாலிசி வாசகத்தால் விளைந்ததே. ஆனால் இதிலும் திருட்டுக்கு ஈடு கிடைப்பது வெள்ளம், தீ போன்ற ஒரு நிகழ்வை அடுத்த 7 நாட்களுக்குள் அதன் விளைவாக நடந்தால் மட்டுமே. பூட்டை உடைக்கும் சாதாரணத் திருடனுக்குத் தனிப் பாலிசி வேண்டும். அது தெரியாமல் கையெழுத்திடுபவர் கரரைத் தாமே தேடிக்கொள்கிறார் எனலாம்.

விண்ணப்பத்தோடு சாமான் பட்டியல் எழுத உட்காரும்போது வேறொரு வகைக் கணக்கும் நடந்துவிடுகிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டிய காயல்பட்டினத்தின் தரைத்தள வீடொன்றை எடுத்துக்கொண்டால், கட்டில், மெத்தை, சலவை இயந்திரம், மாவரைக்கும் கிரைண்டர், மிக்சி ஆகியவை பொதுச் சாமான்களாக எளிதில் பட்டியலில் அமரும். நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் மதிப்பிட்டுத் தனியே குறிக்கப்பட வேண்டும். அலமாரியில் வைத்த ரொக்கத்துக்கும் பத்திரங்களுக்கும் இடமே இல்லை. கைப்பிரதிகளுக்கும் அப்படியே. மூதாதையர் ஒருவர் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழில், கைப்பட எழுதி வைத்த கிதாபு அந்த வீட்டில் இருக்குமானால், துணி சுற்றி மேல்தட்டில் வைக்கப்பட்டுள்ள அதற்குப் பாலிசி ஒரு ரூபாயும் தராது. அதை நனையாமல் காக்க உயரமான தட்டும் வீட்டாரின் கவனமுமே உண்டு. தவக்குலின் பழைய வடிவம் அந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை மாறாமல் இருக்கிறது.

எஞ்சி நிற்கும் சிக்கல், கிடைத்த ஈட்டுத்தொகையைப் பற்றியது. வணிகக் காப்பீட்டிலிருந்து வரும் பணத்தில் கட்டிய தவணையின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சில ஃபத்வாக்கள், அதாவது மார்க்கத் தீர்ப்புகள், கூறுகின்றன. 2,000 ரூபாய் கட்டி 3 இலட்சம் ரூபாய்ச் சாமான்களை இழந்த குடும்பம் அதன்படி 2,000 ரூபாயோடு மீண்டும் குடித்தனம் தொடங்க வேண்டும். அப்படியானால் பாலிசி எடுத்ததும் எடுக்காததும் ஒன்றே. தேவையின் அடிப்படையில் ஒப்பந்தத்தை அனுமதித்துவிட்டு அதன் பயனைத் தடுப்பது பொருந்தாது என்ற மறுதரப்பின் வாதம் இங்கு வலுவாக இருக்கிறது. இந்த இரு தீர்ப்புகளில் எதைப் பின்பற்றுவது என்பதை வெள்ளம் வடிந்த பிறகு, சேறு படிந்த வீட்டில் நின்றுகொண்டு தீர்மானிப்பதைவிடத் தவணை கட்டும் முன்பே ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது குடும்பத்துக்கு நல்லது. ஏனெனில் முதல் தீர்ப்பையே ஏற்பவர்களுக்கு இந்தப் பாலிசியே தேவையில்லை.