ஒரே பெஞ்சு, வேறு வேறு நேரம்

“கோயில் மாதிரியே இல்லப்பா, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு.” புதுசா கட்டின கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்குள் நுழையும் பெரியவர்கள் இப்படி முணுமுணுப்பதுண்டு. கூலாய் போன்ற ஜொகூர் ஊர்களுக்கும் இது பொருந்தும். அகலமான கூடம், மின்விசிறிகள், சுவரை விட்டு முன்னால் வந்து நிற்கும் பீடம். அழகு போச்சே என்பது அவர்கள் கவலை. எனக்கென்னவோ, அழகுக்கு முன்னால் நியாயத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றுகிறது.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்றொரு ஊர். 19ஆம் நூற்றாண்டில் அங்கே எழுந்த கோயிலுக்கு, கால்சட்டையின் இரண்டு கால்கள் போல இரண்டு கூடங்கள். ஒரு பக்கம் வெள்ளாளரும் அவர்களோடு சேர்ந்தவர்களும், மறுபக்கம் நாடார்களும் பிறரும். கூடங்கள் சேருமிடத்தில் ஒரே பீடம். எல்லாருக்கும் சாமியார் தெரிவார். ஒரு தரப்பை இன்னொரு தரப்பு பார்க்க வேண்டியதில்லை. 1910இல்தான் தடுப்பை இடித்தார்கள். அதுவரை சாதி செங்கல்லும் சுண்ணாம்புமாக நின்றது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், சில விதிவிலக்குகளோடு, வழிபாட்டில் அந்தஸ்து பார்த்துத் தனி மரியாதை கூடாது என்றது. மக்கள் மொழிக்கும் அதே சாசனம் இடம் கொடுத்தது. மறுவருட வழிகாட்டுதல், பீடத்தைச் சுற்றிவர முடிகிற மாதிரி சுவரை விட்டுத் தள்ளி வைக்கச் சொன்னது. ‘மண்டபம் மாதிரி’ என்று நாம் அலுத்துக்கொள்ளும் வடிவத்தின் பின்னால் இதெல்லாம் இருக்கிறது.

ஆனால் மலேசியப் பங்குகளில் தமிழ், மாண்டரின், ஆங்கிலம், மலாய் என்று பூசைகள் பிரிகின்றன. அதே பெஞ்சு, அதே முழந்தாள் பலகை, ஆள்தான் வேறு. அப்படியானால் சுவர் போய்க் கடிகாரம் வந்துவிட்டதா?

இரண்டையும் ஒன்றாக்க எனக்கு மனசில்லை. வடக்கன்குளத்துச் சுவர் யார் மேல், யார் கீழ் என்று சொன்னது. தோட்டத்து ஆத்தா தன் மொழியில் செபிப்பது யாரையும் தாழ்த்துவதில்லை. தமிழ்ப் பூசையில் ஒரு சீனர் வந்து உட்கார்ந்தால் யாரும் எழுப்பப் போவதில்லை. கடக்கலாம் என்பதே பெரிய வித்தியாசம். ஆனாலும், கடக்கலாம் என்றிருந்தும் வருஷக்கணக்காக யாருமே கடக்காவிட்டால், திறந்த கதவை மட்டும் காட்டி நாம் நிம்மதியடைய முடியுமா?

பீடத்துக்குப் பளிங்கா, கருங்கல்லா என்று கட்டடக் குழுவில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஒரு பூசை முடிந்து வெளியே வருகிறவர்களும் அடுத்த பூசைக்கு உள்ளே போகிறவர்களும் பத்து நிமிஷம் நின்று பேச நிழலான ஒரு தாழ்வாரம் இருக்கிறதா என்றும் கொஞ்சம் கேட்கலாம்.