முற்றத்து நெருப்பும் அயலார் மூச்சும்

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், ஆரோவில்லுக்கும் கடலுக்கும் இடையே செம்மண் மேட்டில் அமைந்த சிற்றூர் குயிலாப்பாளையம். முந்திரியும் பனையும் நிறைந்த அவ்வட்டாரத்தில் விடியற்காலையில் வாசலைக் கூட்டிச் சருகைக் குவித்துத் தீ மூட்டுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அன்று அக்குவியலில் இருந்தவை இலையும் ஓலையுமே. இன்றோ பால் உறையும், பாலிதீன் பையும், ஷாம்புச் சிப்பமும், அறுந்த ரப்பர் செருப்பும் அவற்றோடு கலந்துவிட்டன. வழக்கம் மாறவில்லை, எரியும் பொருள் மாறிவிட்டது.

இது அந்த ஓர் ஊரின் குறையன்று. நம் ஊர்கள் அனைத்திலும் காணும் காட்சியே. ஆயினும் இச்சிறு நெருப்பு ஒரு பெரிய கேள்வியை எழுப்புகிறது. என் முற்றத்தில் என் குப்பையை நான் எரிப்பதைத் தடுக்க அரசுக்கோ அயலாருக்கோ என்ன உரிமை?

முற்றம் எனக்குரியது, ஐயமில்லை. ஆனால் புகை எவருக்குரியது? அது வேலியையும் அறியாது, பட்டாவையும் அறியாது. தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள்கள் அதில் மிதந்து சென்று நுரையீரலின் ஆழம்வரை இறங்குகின்றன. பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் புகைந்து எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு தோன்றுகிறது. அது சாம்பலோடு மண்ணில் படிந்து, அம்மண்ணைக் கிளறி மேயும் கோழியின் முட்டை வழியே நம் உணவுக்கே திரும்பி வருகிறது. மார்கழி, தை மாதத்து விடியலில் தரையை ஒட்டி நிற்கும் குளிர்காற்று புகையை மேலெழ விடுவதில்லை. போகியன்று நம் கண்கள் எரிவதன் காரணம் இதுவே. தொட்டிலில் உறங்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை அப்புகையைச் சுவாசிக்க இசைவு தந்ததா?

இவ்வழக்கு புதியதன்று. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபீ ஃபிக்ஹின் அடிப்படையில் தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பு, அண்டை வீட்டாருக்கு இழைக்கும் பெருந்தீங்குகளுள் புகையையும் சேர்த்துப் பேசுகிறது. ஒருவர் அமைத்த சூளையின் புகையால் அடுத்த வீட்டுக்காரர் தம் வீட்டில் குடியிருக்க இயலாமற்போனால், அத்தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது அதன் தீர்ப்பு. நிலம் சொந்தமாயிருத்தல் தீங்கு செய்யும் உரிமையைத் தருவதில்லை என்பதே அதன் கருத்து.

ஆனால், அங்கே குற்றம் புரிந்தது ஒரு சூளை; துன்புற்றது ஒரு வீடு. இங்கோ நூறு முற்றங்களில் நூறு சிறு நெருப்புகள். ஒவ்வொன்றும் தனித்தனியே அற்பமானது. எல்லாம் சேரின் ஊரே புகைமூட்டம். ‘என் ஒருத்தியின் நெருப்பாலா காற்று கெட்டுவிடும்?’ என்று ஒவ்வொருவரும் கேட்கலாம். அவரவர் அளவில் அக்கேள்வி நியாயமானதாகவே தோன்றும். தனிமனிதரின் மனச்சான்று மட்டும் போதாமல், ஊருக்குப் பொதுவான ஒழுங்கு வேண்டியிருப்பது இதனாலன்றோ?

அத்தகைய ஒழுங்கு சட்டத்தில் இல்லாமலில்லை. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், எரிபொருளல்லாத பொருள்களை எரிப்பதைத் தடைசெய்யும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்தது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெருவிலும் திறந்த வெளியிலும் குப்பையை எரிப்பதைத் தடுத்தன. அவ்வாண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சிறு அளவில் எரிப்போருக்கு 5,000 ரூபாயும் பேரளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் இழப்பீடு விதித்தது. கூலிக்குச் செல்லும் குடும்பத்திற்கு ஐயாயிரம் ரூபாய் எத்தனை நாளைய உழைப்பு! தீ மூட்டும் மூதாட்டியைத் தடுத்தால், “வேற எங்கே கொண்டுபோய்க் கொட்டச் சொல்றே தம்பி?” என்று கேட்பார். அதற்கு விடை சொல்லாத சட்டம் நீதியாகாது.

வீட்டு நெருப்பைச் சட்டத்தால் அடக்கிய ஒரு நகரத்தின் வரலாறு இங்கே நமக்கு உதவும். 1952 டிசம்பரில் இலண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. அதன் விளைவாக 1956இல் பிறந்த தூய காற்றுச் சட்டம், இல்லங்களின் நிலக்கரிக் கணப்புகளையும் கட்டுப்படுத்திற்று. எனினும் அது ‘எரிக்காதே’ என்று ஆணையிட்டதோடு நிற்கவில்லை. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய கணப்பை மாற்றும் செலவின் பெரும்பகுதியைப் பொதுப் பணத்திலிருந்தே ஈடுசெய்தது. தடையும் துணையும் அங்கே ஒருங்கே வந்தன.

நம் ஊர்களுக்கும் அதுவே வழி. தூய்மைக் காவலர் நாள்தோறும் வாசலுக்கு வரவேண்டும். அவர் பெற்றுச் செல்லும் மக்காத குப்பை ஊர்க்கோடியில் எரிக்கப்படாமல் உரிய இடம் சேரவேண்டும். அதன் பின்னரும் எரிப்பவரிடம் தண்டம் கேட்பதில் நியாயம் உண்டு. எரிக்கவும் ஆகாத, மக்கவும் செய்யாத உறைகளை விற்றுப் பொருளீட்டுவோரும் பொறுப்பிலிருந்து நழுவலாகாது.

ஆனால் வண்டி வரும்வரை நமக்குக் கடமையில்லை என்று இருந்துவிடலாமா? சருகுக்கு வண்டி வேண்டியதில்லை. முந்திரி மரத்தடியில் குவித்தால், அதுவே மக்கி அச்செம்மண்ணுக்கு உரமாகும். பிளாஸ்டிக்கைத் தனியே ஒரு சாக்கில் இட்டு வைப்பதற்கும் சட்டம் வேண்டியதில்லை. அரசு தன் கடமையில் தவறினால் நாம் அதனிடம் கேட்கலாம். தீப்பெட்டியைக் கையில் எடுக்குமுன், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, அப்பக்கம் யார் வீடு இருக்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.