திருப்பி விடும் காந்தம்

எலக்ட்ரானின் அளவே மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று 1 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடந்தால், அதற்குச் சேரும் ஆற்றல் 1 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானுக்கும் இதே அளவுதான். அதைப்போல 1,836 மடங்கு கனமுள்ள புரோட்டானுக்கும் இதே அளவுதான். அப்படியானால் 80,000 எலக்ட்ரான் வோல்ட் வேண்டுமென்றால் 80,000 வோல்ட் கொடுத்தாக வேண்டும் அல்லவா? அந்தக் கால ஆய்வுக்கூடங்களில் அப்படித்தான் முயன்றார்கள். அழுத்தம் ஏற ஏறக் கருவி தாங்காமல் பொறி பறந்தது.

அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸ் வேறு வழி பார்த்தார். 1931 ஜனவரியில் அவருடைய மாணவர் ஸ்டான்லி லிவிங்ஸ்டன் இயக்கிக் காட்டிய சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கியின் குறுக்களவு நாலரை அங்குலம், உள்ளங்கையில் வைத்துவிடலாம். அதற்குக் கொடுத்தது 2,000 வோல்ட்டுக்கும் குறைவு. உள்ளே சுற்றிய ஹைட்ரஜன் அயனிகள் எட்டிய ஆற்றலோ 80,000 எலக்ட்ரான் வோல்ட்!

சூட்சுமம் இதுதான். அயனி ஓர் இடைவெளியைத் தாண்டும்போது மின்னழுத்தம் அதை ஒரு தள்ளு தள்ளும். காந்தப்புலம் அதை அரைவட்டமாக வளைத்து மறுபடி இடைவெளிக்கே கொண்டுவரும். அதற்குள் மின்னழுத்தம் திசை மாறியிருக்கும், இன்னொரு தள்ளு. இப்படி நாற்பது தடவைக்கு மேல். நேரம் தப்பினால் அதே வோல்ட், சேர்ந்த ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளும்.

இதில் காந்தத்தின் பங்கைப் பாருங்கள். காந்த விசை எப்போதும் ஓட்டத்துக்குச் செங்குத்தாகவே இருக்கும். அதனால் திசையைத் திருப்புமே தவிர, வேகத்தை இம்மியும் கூட்டாது. ஆற்றல் கணக்கில் காந்தத்தின் பெயரில் பூஜ்யம்தான். ஆனால் அது இல்லாவிட்டால் அயனி முதல் தள்ளோடு நேரே போய்ச் சுவரில் முட்டி நின்றுவிடும்.

அந்தக் காந்தத்தைப்போல் திருப்பி விட்டாலே போதும் என்பதை மறந்து, பிறருக்கு உதவ நம்மிடம் பணமில்லை, படிப்பில்லை, செல்வாக்கில்லை என்று பல நேரம் ஒதுங்கிக்கொள்கிறோம். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்ட பக்கத்து வீட்டுப் பையனை மறுபடி ஐ.டி.ஐ. வாசல்வரை கூட்டிப்போக நமக்கு வெல்டிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சேர்க்கை முடிவதற்குள் போனால் போதும். கற்றுக்கொடுக்க அங்கே ஆள் இருக்கிறது.

கொடுக்க ஒன்றுமில்லாதவரும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.