பத்து நாள் பரிவும் எத்தீமின் உரிமையும்

நோயுற்றவனின் நெற்றியில் வைக்கப்படும் கை எந்த மதத்தவரின் கை என்று நோய் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கை எத்தனை நாள் இங்கே இருக்கும் என்று கேட்கும் உரிமை உடையவர் ஒருவர் உண்டு. பெற்றோரைப் பிரிந்து அனாதை விடுதியில் வளரும் குழந்தையே அவர். அக்குழந்தை வாய்திறந்து கேட்காத அந்தக் கேள்வியை நாம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அமெரிக்கா முதலிய மேலை நாடுகளின் கிறிஸ்தவத் திருச்சபைகளைச் சேர்ந்த மருத்துவர்களும் செவிலியரும் மாணவர்களும் ஆண்டுதோறும் குழுக்களாகப் புறப்பட்டு, ஹெய்ட்டி, குவாத்தமாலா, கென்யா, கம்போடியா போன்ற நாடுகளிலுள்ள அனாதை விடுதிகளுக்குச் செல்கின்றனர். ஒரு வாரமோ இரண்டு வாரமோ தங்கிப் பல்லையும் கண்ணையும் சோதிக்கின்றனர். சிரங்குக்குக் களிம்பும் குடற்புழுவுக்கு மாத்திரையும் தருகின்றனர். பலர் தம் விடுமுறையையும் தம் பணத்தையும் இதற்கெனச் செலவிடுகின்றனர். இதனை எள்ளி நகையாடுவது முஸ்லிமுக்கு அழகன்று. குறைஷிகளின் கொடுமை தாளாமல் கி.பி. 615-ஆம் ஆண்டளவில் அபிசீனியா சென்ற நம் முன்னோருக்குப் புகலிடம் தந்தவர் நஜ்ஜாஷி என்னும் கிறிஸ்தவ மன்னரே. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியினின்றும் பிறழச் செய்யலாகாது என்பது திருக்குர்ஆன் நமக்குக் கற்பித்த நெறி.

கிறிஸ்தவ மருத்துவத் தொண்டின் மாண்பை அறிய நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதும் இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனையில் இருந்த தம் பெண்களுக்கு உதவி நாடி வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இன்னோர் இந்து. ஆண் மருத்துவர் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அதைக் கண்ட இளம்பெண் ஐடா ஸ்கடர், தாயகம் சென்று மருத்துவம் பயின்று, 1900-ஆம் ஆண்டு திரும்பி வந்து வேலூரில் ஒரே படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். 1960-ல் இந்த மண்ணிலேயே கண் மூடினார். அவர் செய்த பெரும்பணி, தாம் மருந்து கொடுத்ததைவிட, இந்நாட்டுப் பெண்களை மருந்து கொடுப்போராக ஆக்கியதே ஆகும். அவர் தங்கினார், தங்கியதால் அவருக்குப் பின்னும் அப்பணி தங்கியது.

பத்து நாள் பரிவுக்கு இந்த ஆற்றல் உண்டா? குடற்புழு மாத்திரை ஒன்று அன்றைய புழுக்களை வெளியேற்றும். ஆனால் கழிப்பிடமும் குடிநீரும் முன்போலவே இருக்குமாயின், சில மாதங்களில் புழுக்கள் மீண்டும் குடியேறும். இரத்தக் கொதிப்புக்குத் தந்த மாத்திரை தீர்ந்த மறுநாள் நோயாளி யாரிடம் செல்வான்? தொடர்ந்து பார்ப்பவர் இல்லாத வைத்தியம் பாதி வைத்தியமே. மாறாக, பிளந்த உதட்டைத் தைப்பதுபோல ஒருமுறை செய்தால் நிலைத்து நிற்கும் சிகிச்சைகளும் உண்டு. அவற்றைச் செய்யும் தேர்ந்த கைகளை யாரும் குறை கூறார்.

உடலைப் பற்றிய செய்தி இது. உள்ளத்தைப் பற்றிய செய்தி இதனினும் கவலை தருவது. விருந்தினர் வந்ததும் விடுதிக் குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொள்கின்றனர். முன்பின் அறியாதவர் மடியில் ஏறி அமர்கின்றனர். வந்தவர்கள் இதனை அன்பு என்று எண்ணி நெகிழ்கின்றனர். தாயின் அரவணைப்பில் வளரும் குழந்தை இவ்வாறு செய்வதில்லை. அந்நியரைக் கண்டால் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். யாவரிடமும் ஒட்டிக்கொள்வது, எவரும் நிலைத்து நில்லாத வாழ்வு உண்டாக்கிய காயத்தின் அடையாளம் என்று குழந்தை மனத்தை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். ருமேனியாவில் விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து ஆராய்ந்தனர். குடும்பத்தில் சேர்ந்த குழந்தைகள் அறிவு வளர்ச்சியில் மற்றவர்களை விஞ்சியதையும், இளவயதிலேயே சேர்ந்தோர் கூடுதல் பயன் பெற்றதையும் 2007-ல் வெளியிட்டனர். பதினொன்றாம் நாள் பேருந்து ஏறிச் செல்லும் அன்பர், அக்குழந்தைக்கு இன்னுமொரு பிரிவைக் கொடுத்துச் செல்கிறார்.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. உலகின் அனாதை விடுதிகளில் வாழும் குழந்தைகளுள் ஐவரில் நால்வருக்காவது தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதாக, குழந்தைகள் நல அமைப்பு ஒன்று 2009-ல் எடுத்துரைத்தது. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையே விடுதிகளின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. அனாதைகள் அவ்வாறு பெருகியதால் அன்று, பார்க்க வருவோரும் பணம் தருவோரும் பெருகியதால்! 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் நிகழ்ந்த ஹெய்ட்டி நிலநடுக்கத்திற்குப் பின், திருச்சபைத் தொண்டர் பத்துப் பேர் 33 குழந்தைகளை எல்லை கடத்த முயன்றபோது தடுக்கப்பட்டனர். அக்குழந்தைகளுள் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தனர். நல்ல வாழ்வு கிட்டும் என்ற நம்பிக்கையில் ஏழைப் பெற்றோரே பலரை ஒப்படைத்திருந்தனர். வறுமைக்குத் தர வேண்டிய மருந்தைப் பிரிவினைக்குத் தந்தால் இவ்வாறே நேரும்.

இங்குதான் நம் மார்க்கம் ஒரு சொல்லிலேயே வழிகாட்டுகிறது. எத்தீம் என்றால் பருவமெய்துமுன் தந்தையை இழந்த குழந்தை. தாய் இருந்தாலும் அக்குழந்தை எத்தீமே. ஆகவே எத்தீமை ஆதரிப்பது என்பது, பெரும்பாலும், ஒரு விதவைத் தாயின் அடுப்பு அணையாமல் காப்பதே ஆகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்குமுன் தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் அன்னை ஆமினாவை இழந்தார்கள். பாட்டனார் அப்துல் முத்தலிபும் பின்னர்ப் பெரிய தந்தை அபூதாலிபும் தத்தம் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். உலகின் மாபெரும் எத்தீம் வளர்ந்தது உறவினரின் வீட்டில்.

எண்ணம் தூயதாயின் செயலும் ஏற்கப்படும் அல்லவா என்று கேட்கலாம். செயல்கள் நிய்யத்தைக் கொண்டே அமைகின்றன என்பது உண்மை. கொடுப்பவரின் கூலி அதைப் பொறுத்தது. ஆயினும் எத்தீம்கள் குறித்து வினவப்பட்டபோது, அவர்களுடைய காரியங்களைச் சீர்ப்படுத்துவதே நன்மை என்று அல்பகறா அத்தியாயம் அளவுகோல் வகுத்தது. அளவுகோல் எத்தீமின் கையில் இருக்கிறது. நம் நெகிழ்ச்சியின் கையில் இல்லை.

மருந்து கொடுக்கும் கை வேதப்பிரசாரத்தையும் சேர்த்து நீட்டுவது முறையா என்பது மற்றொரு வினா. பசித்த குழந்தையால் மறுக்க இயலாது. மறுக்க இயலாதவரின் இசைவு இசைவாகாது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்னும் நாம், இந்நீதியை நம்மவரின் நிவாரணக் குழுக்களிடமும் எதிர்பார்க்க வேண்டும்.

அப்படியானால் யாருமே செல்ல வேண்டாமா? அறுவை சிகிச்சைக்கு ஏங்கும் குழந்தையின் முன் நின்று இவ்வாறு வாதிடுவது கொடுமை. செல்லட்டும், ஆனால் உள்ளூர் மருத்துவர் அழைக்கும் இடத்திற்குச் செல்லட்டும், அவருக்குத் தம் கலையைக் கற்பிக்கட்டும், மருந்தை அவர் பொறுப்பில் விட்டுத் திரும்பட்டும். விடுதிக்கு அளிக்கும் நிதியைக் குழந்தைகளை வீடு சேர்க்க அளிக்கட்டும். கிறிஸ்தவ அமைப்புகள் சிலவே இன்று இவ்வழிக்குத் திரும்பியுள்ளன. 2019-ல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும் குடும்பத்தோடு வாழும் குழந்தையின் உரிமையை வலியுறுத்தியது.

பிறரை நிறுத்த தராசில் நம்மையும் நிறுத்துப் பார்ப்போம். ரமலானில் எத்தீம்களை வரிசையாக அமர்த்தி, உணவளித்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, மறு ரமலான் வரை மறந்துவிடும் பழக்கம் நம்மிடம் இல்லையா? பத்து நாள் பரிவுக்காவது பத்து நாள் உண்டு. நம் பரிவு ஒரு வேளைச் சோற்றோடு முடிந்துவிடுகிறதே! ஜமாஅத்தில் ஒரு விதவையின் வீட்டுக்கு மாதந்தோறும் அரிசியும் பள்ளிக் கட்டணமும் தவறாது சென்று சேருமானால், ஒரு குழந்தை விடுதி வாசலை மிதிக்காமலே வளரும். அதைப் பார்க்க விருந்தினர் வாரார். படம் பிடிப்பாரும் இரார். ஆனால் பார்க்க வேண்டியவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.