விதியும் விலையும்

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்த வரலாற்றை நாம் மறத்தலாகாது. 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்து திரட்டிய நிதியே அதற்கு மூலதனம். அங்கு சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. எனினும் நோயாளியின் உறவினர் வாயில் இறுதியில் வந்து நிற்கும் சொல் ‘விதி’ என்பதே.

மருந்தே இல்லாத நோயில் அச்சொல் ஆறுதலாகலாம். மருந்து இருந்தும் அதன் விலை எட்டாதபோது?

நமது குருதியிலுள்ள ரி-கலங்கள் உடலின் காவலர். புற்றுநோய்க் கலங்கள் நம் உடலிலேயே பிறந்தவையாதலின், பலவேளைகளில் அக்காவலருக்குத் தப்பிவிடுகின்றன. பிறபொருளெதிரிக்கு இரு கைகள் உண்டு. இயற்கையில் இரண்டும் ஒரே பொருளையே பற்றும். விஞ்ஞானிகள் வெவ்வேறு பொருளைப் பற்றும் கைகளை ஒன்றாய் இணைத்தனர். ஒரு கை ரி-கலத்தையும் மற்றது புற்றுக் கலத்தையும் பிடித்து அருகருகே நிறுத்த, ரி-கலம் அதனைத் துளைத்துக் கொல்கிறது. 2014 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிளினாட்டுமொமாப் இவ்வகையது. ஒருவகைக் கடுங்குருதிப் புற்றுக்கே அது உரியது. மூளையைத் தாக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே அதிசயமென்று ஆர்ப்பரிக்க நாம் விரும்பவில்லை. அன்று இரு சுற்றுச் சிகிச்சைக்கு அதன் விலை ஏறத்தாழ 1,78,000 டொலர்!

ஆராய்ச்சிக்குச் செலவாகிறதே என்பர். மெய்தான். ஆனால் ஒரேவகைப் பிறபொருளெதிரியை வேண்டியமட்டும் ஆக்கும் முறையை 1975இல் கேம்பிரிட்ஜில் மில்ஸ்ரைனும் கோலரும் கண்டது மக்களின் வரிப்பணத்தில். அதற்குக் காப்புரிமை பெறப்படவில்லை. உலகுக்கு இலவசமாய்க் கிடைத்த அத்திவாரத்தின்மேல் மாளிகை கட்டியோர் இன்று வாசலிற் கட்டணம் கேட்கின்றனர்.

ஒரு பிள்ளையின் மருந்துக்காக நூறு பேரின் இன்சுலினை நிறுத்துவதா என்று கேட்போருமுளர். 2022இல் சாதாரண மருந்துகளுக்கே தவித்த நாட்டில் இது நேர்மையான கேள்வி. அந்தக் கணக்கைப் போடவேண்டிய வைத்தியரை நாம் குறைகூறோம். ஆனால் அதில் மருந்தின் விலைமட்டும் மலைபோல் அசையாததாகக் கொள்ளப்படுகிறதே, அது ஏன்? பம்பாயில் ஐ.ஐ.ரி.யும் டாட்டா நினைவு வைத்தியசாலையும் சேர்ந்து, ரி-கலத்தையே ஆய்வுகூடத்தில் மாற்றியமைக்கும் வேறொரு சிகிச்சையை உருவாக்கின. 2023இல் அனுமதி பெற்ற அதன் விலை அமெரிக்க விலையில் ஏறக்குறைய பத்திலொரு பங்கே.

நமக்கும் இது புதிதன்று. 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் வகுத்த வழியில், வணிகப் பெயர்களை ஒதுக்கி மருந்தின் பொதுப்பெயரால் மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கவே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. அக்கூட்டுத்தாபனம் இன்றும் கொழும்பில் இருக்கிறது. அயல்நாடுகளோடு கூடி இம்மருந்துகளுக்கு விலைபேசுமாறு நமது ஆசிரியர் சங்கங்களும் மாணவர் சங்கங்களும் அதனிடம் கேட்டால் என்ன?